வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

எக்ஸ்ரே அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி பால் ஊற்றுகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். அரசு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதற்குள் வருகிறவர்களை நிற்கவைத்து, தோளைப் பிடித்துத் திருப்பி, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டவைத்து, "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அதே அறை, அதே வார்த்தை. கடைத்தெருவில் அவள் குரலைக் கேட்டுச் சிலர் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுண்டு.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "எல்லாரோட எலும்பையும் பாத்துட்டேன், ஒருத்தரும் தேறல" என்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் அவளைவிட நிறையவே மூத்தவர், அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி நல்லவள். ஆனால் அக்காவுக்குக் கொடுத்திருந்த அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். பகலெல்லாம் ஒரு குகை, இரவெல்லாம் இன்னொரு குகை என்று வாழ்ந்து முடித்த பெண்ணுக்கு ஓர் ஆசை இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த ஓர் அறை வேண்டும், அது தன்னுடையதாக இருக்க வேண்டும்.

அதற்காகவே, ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி தாண்டி வருகிற சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருந்தாள். ஓய்வு பெற்ற மறுவாரம், அங்கே தன் கையாலேயே ஒரு மர வீடு கட்டப்போவதாகச் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள்.

அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "தனியாப் போன அத்தை என்ன ஆனான்னு தெரியுமில்ல?" என்றார்.

தெரியாமல் என்ன? அந்தக் கதையைக் கேட்டுத்தானே அவள் வளர்ந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. யாரையும் நம்பி இருக்கமாட்டேன், தனியாகப் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன் என்று ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுப் பெட்டியோடு வெளியேறினாளாம். அதன்பிறகு தகவலே இல்லை. எக்ஸ்ரே அக்கா பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த சங்கதி அது. ஆனால் அவள் முகம் அச்சு அசல் அத்தை முகம் என்று சொல்லிச் சொல்லியே அவளை ஒரு கட்டுக்குள் வைத்திருந்தார்கள். வெளியூரில் பயிற்சி என்றாள், அத்தை கதை வந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்துத் தங்குகிறேன் என்றாள், மறுபடியும் அத்தை. ஒவ்வொரு முறையும் அவள் வாயை மூடிக்கொண்டு அடங்கிப்போனாள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே எரிச்சல் வரும் அளவுக்கு அடங்கினாள்.

இந்த முறை, "நான் என்ன ஆகிறேன்னு பாத்துடலாமே" என்றாள்.

அண்ணன் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு, "கட்டு. முடிச்சதும் நான் வந்து பாப்பேன். நீ அங்க இருக்கறதுக்கு என் மனசு ஒப்பலன்னா, மறுபேச்சுப் பேசாம வீட்டுக்கு வந்துடணும்" என்றார். அண்ணன் சொல்லை அவள் அதுவரை தாண்டியதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆக, அவள் மிச்ச வாழ்நாள் முழுவதும் அண்ணனின் ஒரு தலையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீடு கட்டுவதென்றால் பலகையைப் பலகையோடு சேர்த்து ஆணி அடிப்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தரை சமமாகத்தான் இருக்கிறது என்று கண் சொன்னது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி ஓர் ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டது. முதல் சுவரைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். தூக்கி நிறுத்தியதும் அது பக்கத்துச் சுவரோடு சேரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றது. காயாத மரத்தை அவசரப்பட்டு அடித்ததில், வெயில் ஏறியதும் பலகைகள் சுருங்கி, இடுக்கு வழியே ஓணான் ஒன்று வந்துபோக ஆரம்பித்தது. கட்டைவிரல் நகம் கறுத்தது. முதுகு, தன் வயதை அவளுக்குத் தினமும் நினைவூட்டியது.

மரம் கொண்டுவந்து போடுகிற மரக்கடைக்காரர் மட்டும் அவ்வப்போது நின்று வேடிக்கை பார்ப்பார். அளவு குறைய அறுத்து வீணாக்கிய சட்டங்களைக் காட்டி, "அக்கா, இது எலும்பு இல்ல, கட்டு போட்டா தானா கூடுறதுக்கு. அறுத்தா அறுத்ததுதான்" என்று சிரிப்பார்.

மூன்று பக்கமும் ஜன்னல் வைத்தாள். உட்கார்ந்தால் சரிவு முழுவதும் தெரிகிற மாதிரி தாழ்வாக, அகலமாக. கம்பி வைக்கவில்லை.

"திருடன் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்றார் மரக்கடைக்காரர்.

"மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுவேன்" என்றாள்.

ஜன்னல், கூரை எல்லாம் முடிந்து கதவு ஒன்றுதான் பாக்கி நின்றது. அந்தச் சமயத்தில்தான், அவளும் அண்ணனும் பிறந்து வளர்ந்த பழைய வீட்டை வாங்கினவர்கள் அதை இடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டதோடு சரி, அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. அக்கா போனாள். முற்றத்தில் கதவுகளும் ஜன்னல்களும் குவிந்து கிடந்தன. செல்லரிக்காமல், தட்டினால் கணீரென்று சத்தம் கொடுக்கிற கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்பக்கச் சாமான் அறையின் கதவு. சாமான் அறைக்கு இவ்வளவு கனத்தில் எதற்குக் கதவு என்று ஒரு கணம் தோன்றியது. நல்ல மரம் கிடைத்த சந்தோஷத்தில் அதை அப்போதே மறந்துவிட்டாள். நிலையோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

சின்ன வயதில் அந்த அறைப் பக்கமே அவளை விட்டதில்லை. பாம்பு இருக்கிறது என்பார்கள். பகல் நேரத்தில் வீடு அடங்கிக் கிடக்கும்போது அங்கிருந்து ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கும். என்ன என்று கேட்டால் அம்மா நிமிர்ந்து பார்க்காமலேயே "எலி" என்பாள். பாம்பு இருக்கிற அறையில் எலி எப்படி இத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று கேட்கிற அளவுக்கு அவளுக்கு அப்போது புத்தி போதவில்லை.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. தாழ்ப்பாளும் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது, விரல் தடிமனில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். உள்பக்கத்துக்குப் பிறகு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று அப்படியே மாட்டினாள். வீடு கட்டியதில் அவள் செய்த தப்புகளில் பெரிய தப்பு இதுதான். சுவரை அளக்கலாம், மரத்தைக் காயவைக்கலாம். ஒரு பழைய கதவை மாட்டும் முன்பு, அது யாரை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த கதவு, யாரை உள்ளே வைப்பதற்காகச் செய்த கதவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

மாட்டிய நாளிலிருந்தே கதவு சொன்னபடி கேட்கவில்லை. திறந்து வைத்தால் தானாகவே மெல்ல வந்து மூடிக்கொண்டது. காற்றே இல்லாத நேரத்திலும் மூடிக்கொண்டது. அந்தத் தாழ்ப்பாளோ, துளைக்குள் போகாமல் அடம் பிடித்தது. அவளும் தள்ளிப் பார்த்தாள், மரக்கடைக்காரரும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. "இது எதுக்கும் ஆகாது, கழட்டிப் போடுங்க" என்றவர், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நிலையைச் சரிபார்த்தார். "நிலை நேராத்தான் இருக்கு. கதவும் நேராத்தான் தொங்குது. அப்புறம் என்ன கேடு இதுக்கு?" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு மத்தியானம் இரண்டு பேரும் வெளியே நின்று பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல் எப்படியோ நகர்ந்து கதவு மூடிக் கிடந்தது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. பலமாக இல்லை. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் அலுத்துப்போன ஒருவர், கடமைக்குத் தட்டுகிற மாதிரி.

மரக்கடைக்காரர் பலகையைக் கீழே வைத்தார். "உள்ள யாருக்கா இருக்காங்க?"

"எலி" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், அது தன் குரலில் வரவில்லை, அம்மாவின் குரலில் வந்திருக்கிறது என்பது உறைத்தது. போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே மூன்று ஜன்னல் வெளிச்சத்தில் அறை வெறுமையாகக் கிடந்தது. மரக்கடைக்காரர் அதன்பிறகு மரத்தைப் பாதையிலேயே இறக்கிவிட்டுப் போகத் தொடங்கினார்.

அவளுக்கும் பயம்தான். ஆனால் பயந்துபோய் நிறுத்தினால் அண்ணனுக்குச் சொல்ல வார்த்தை இருக்காது. கதவுக்கு மெருகெண்ணெய் பூசினால் எல்லாம் முடிந்தது. அதற்காகப் பழைய பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். வெளிப்பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்பக்கத்திலிருந்து தொடங்கினாள். நீலத்துக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் பச்சை. பச்சையும் போனதும் கைக்கு மரம் தட்டுப்பட்டது. மரம் சமமாக இல்லை. சில இடங்களில் குழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது.

முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. நாலடி பின்னால் தள்ளி நின்று, வெளிச்சத்துக்கு எதிரே படத்தைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்போது தெரிந்தது. ஆயிரமாயிரம் உடம்புகளைத் தகட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தவள் ஆயிற்றே. மேலே இருந்த குழிவு வலது தோள். அதற்குக் கீழே உள்ளங்கை, தட்டித் தட்டித் தேய்ந்த இடம். இன்னும் கீழே, தரையில் உட்கார்ந்தால் பின்னந்தலை படுகிற உயரத்தில் அகலமாக ஒரு வட்டம். அதற்கு அடியில் முதுகெலும்பின் நீளத்துக்கு ஒரு லேசான பள்ளம். குள்ளமான ஆள். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள், தட்டிப் பார்த்திருக்கிறாள், பிறகு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மரம் இப்படித் தேய வேண்டுமென்றால் ஒரு மாதம் இரண்டு மாதம் போதாது.

எக்ஸ்ரே அக்கா கதவுக்கு முன்னால் நின்று தன் வலது தோளை அந்தக் குழிவில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி வீட்டில், "அண்ணா, பழைய வீட்டுல பின்பக்க ரூம்ல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"சாமான் இருந்துச்சு" என்றார் அண்ணன். அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை.

சொன்னபடி அண்ணன் வீடு பார்க்க வந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்த நேரம். கதவு கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து கிடந்தது. வெளிச்சுவரோடு சாய்ந்திருந்ததால் சுரண்டிய உள்பக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணன் அதை ஒன்றும் கண்டுகொள்ளாமல் தாண்டி உள்ளே போனார். அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் நின்று கவனித்ததில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை. இது அக்காவுக்குப் பிறகுதான் விளங்கியது.

தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மூன்று ஜன்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கே" என்றார். அந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள்.

"ஆனா என் மனசு ஒப்பல. கம்பி இல்லாத ஜன்னல், அக்கம்பக்கத்துல ஈ காக்கா இல்ல. தனியாப் போன அத்தை..."

"அண்ணா, போதும். அந்தக் கதையை இனி எடுக்காதீங்க."

"ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பறேன். சாமானை எடுத்துக்கிட்டு வந்துடு." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். கல்லைக் காலால் தள்ளினார். கதவை இழுத்துச் சாத்தினார்.

அடுத்து என்ன நடந்தது என்பதை அவள் காதால்தான் கேட்டாள். முழங்காலால் கதவின் அடியில் ஒரு முட்டு, கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி ஒரு நெம்பு, கூடவே தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய்த் துளைக்குள் விழுந்த சத்தம். ஒரே மூச்சில், தடங்கல் இல்லாமல். அவளுக்கும் மரக்கடைக்காரருக்கும் டிமிக்கி கொடுத்த தாழ்ப்பாள். அதற்கு முழங்கால் கொடுத்துத் தூக்க வேண்டும் என்பது அந்தக் கதவை நாள் தவறாமல் தாழிட்ட கைக்குத்தான் தெரியும்.

"அண்ணா?" என்றாள்.

கதவைத் தட்டினாள். அவள் கை தானாகவே அந்தக் குழிவில் போய் விழுந்தது. தட்டிக்கொண்டே பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணன் பாதையில் போய்க்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் கேட்டு நின்றார். ஆனால் திரும்பவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே வேகவேகமாக நடந்தார், தலை நரைத்த அந்த மனிதர், ஒரு சின்னப் பையனின் நடை நடந்தார்.

அவளுக்கு மூச்சு நின்றது. "மூச்சை இழுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பிடிங்க. விடுங்க." பிறகு ஜன்னலில் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டிக் குதித்தாள். கம்பி வைக்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. சரிவில் குறுக்கே ஓடிப்போய் அண்ணனுக்கு எதிரே நின்றாள், தலையெல்லாம் மரத்தூளோடு, மூச்சிரைக்க.

அண்ணன் அவளைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. காதிலிருந்து கை இறங்கவில்லை.

"அத்தை" என்றார். "நானா போடல அத்தை. அப்பாதான் போடச் சொன்னாரு."

அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பலகைக் குவியல் மேல் உட்காரவைத்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குத் தான் யாரோடு இருக்கிறோம் என்பது புரிந்தது.

"அத்தை எங்க போனாங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல."

"எதுக்காக அடைச்சு வெச்சாங்க?"

"தனியாப் போறேன்னு சொன்னா. ஊர் சிரிக்கும்னு அப்பா விடல. போயிட்டான்னு ஊர்ல சொல்லிட்டு, உள்ள வெச்சுட்டாரு. கொஞ்ச நாள்ல வழிக்கு வந்துடுவான்னாங்க. அவ வரல. அப்புறம் வெளிய விட்டா ஊருக்கு என்ன பதில் சொல்றதுன்னு..." அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தட்டுல சாப்பாடு வெச்சுட்டுத் தாழ்ப்பாள் போடறது என் வேலை. நீ பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும்."

"அப்புறம்?"

"தட்டுற சத்தம் நின்னுடுச்சு. அப்பாவும் பெரியப்பாவும் தூக்கிட்டுப் போனாங்க. எங்கன்னு எனக்குச் சொல்லல."

"உங்ககிட்ட அவங்க ஏதாவது கேப்பாங்களா?"

அண்ணனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "கொஞ்ச நேரம் திறந்து வைடா, காத்து வரட்டும்னு கேப்பா. வேற ஒண்ணும் கேக்கமாட்டா."

அவளுக்கு அண்ணனை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாழ்நாள் முழுக்கத் தன்னை ஓர் அறையில் பிடித்து வைத்திருந்தது தனியாகப் போனவளின் கதை என்று நினைத்திருந்தாள். போகவே விடப்படாதவளின் கதை அது.

"நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். "உங்களைக் கேக்கலண்ணா, சொல்றேன்."

அண்ணன் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு இப்போது அவளிடம் எந்த வேலையும் இல்லை.

கதவை எரித்துவிடச் சொன்னார் மரக்கடைக்காரர். அவள் கேட்கவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றிச் சரிவில் வீசினாள். கீல்களைப் பிரித்து, கதவைப் புரட்டி, தேய்ந்த பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி மாட்டினாள். உள்பக்கத்துக்குப் புதுத் தாழ்ப்பாள், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், கதவைத் தட்டக் கை தூக்கினால் அது அந்தக் குழிவில்தான் போய் விழுகிறது. அண்ணனும் வாராவாரம் வருகிறார். தட்டிவிட்டு, அவள் வந்து திறக்கும்வரை வெளியே நிற்கிறார்.

சில மத்தியானங்களில் யாரும் வராமலே தட்டுகிற சத்தம் கேட்கிறது. முன்பு உள்ளேயிருந்து கேட்ட சத்தம் இப்போது வெளியேயிருந்து கேட்கிறது. எக்ஸ்ரே அக்கா கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்த் திறக்கிறாள். வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. உடனே மூடுவதில்லை, காற்று வரட்டும் என்று கொஞ்ச நேரம் திறந்தே வைக்கிறாள். முட்டுக்குக் கல் வைப்பதில்லை, கதவு அப்படியே நிற்கிறது.